டிரம் வரமாட்டேன் என்றால்...

ஐப்பசி, கார்த்திகை மழையில் லோடு இல்லாமல் நின்ற பழைய லாரியை எஃப்.சி.க்கு எடுக்கப் போனால், பின்சக்கரம் ஒன்று உருளவே மறுக்கும். நாமக்கல், சங்ககிரி என்று லாரியை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் இது புதிதல்ல. 8 வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வாங்கியாக வேண்டும். தேதி நெருங்கிவிட்டால் பட்டறையில் பொறுமைக்கு இடமில்லை.

"அண்ணே, டிரம் வரமாட்டேங்குது!"

"பெரிய சுத்தியலை எடுடா தம்பி!"

பாதி டிரம்கள் உடைவது இந்த இடத்தில்தான். டிரம் வார்ப்பிரும்பு. கனமாக இருக்கும், ஆனால் விளிம்பில் ஓங்கி அடித்தால் பிஸ்கட் மாதிரி சில்லு தெறிக்கும். சில நேரம் வெளியே தெரியாத விரிசலாக நின்று, பிறகு ஏதாவது மலை இறக்கத்தில் வேலையைக் காட்டும்.

அடிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டிரம்மை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

ஏர் பிரேக் வண்டியாக இருந்தால் முதல் சந்தேகம் துரு மேல் வரக்கூடாது. ஸ்பிரிங் பிரேக் உள்ள லாரியில் காற்றழுத்தம்தான் பிரேக்கை விடுவித்து வைத்திருக்கும். நாள்கணக்கில் நின்று காற்று இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். எவ்வளவு அடித்தாலும் சக்கரம் சுற்றாது. இன்ஜினை ஓடவிட்டு டேங்கில் காற்று ஏறியதும் பார்க்கிங் பிரேக்கை விடுவித்தாலே பல வண்டிகள் நகர்ந்துவிடும். இன்ஜின் ஓடாத வண்டி என்றால், அந்த ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டுவதற்கென்றே இருக்கும் நீள போல்ட்டைப் போட்டுத்தான் விடுவிக்க வேண்டும். அந்த அறையைச் சுற்றி இறுக்கியிருக்கும் பட்டையை மட்டும் யாரும் கழற்றிப் பார்க்கக்கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் சீறி வெளியே வந்தால் எதிரே இருப்பவர் உயிர் தப்புவது கஷ்டம்.

பிரேக்கை விடுவித்துவிட்டால் வண்டி தானாக உருளும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அதனால் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் விடுவிப்பது. தூக்கிய பக்கம் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக்கூடாது.

இவ்வளவும் செய்து சக்கரத்தைக் கழற்றிய பிறகும் டிரம் அசையவில்லையா? மூன்று இடங்களைப் பார்க்கலாம். டிரம்மின் நடு ஓட்டை ஹப்பின் மேல் உட்காரும் இடத்தில் துரு பூத்திருக்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டபடியே மழையில் நின்றதால் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கலாம். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் லைனிங் உரசி உரசி டிரம்மின் உள்பக்கம் குழிந்திருக்கும். லைனிங் படாத உள் விளிம்பு மட்டும் தேயாமல், வயல் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். டிரம்மை இழுக்கும்போது அந்த வரப்பு பிரேக் ஷூவில் மாட்டிக்கொள்ளும். டிரம் கொஞ்சம் அசைந்து, ஒரு விரல் தூரம் வந்து நின்றுவிட்டால் காரணம் இதுதான்.

வரப்புக்கு மருந்து, ஷூவை உள்ளே சுருக்குவது. சின்ன லாரிகளில் பின் தட்டில் இருக்கும் ஓட்டை வழியாகத் திருப்புளியை விட்டு, அட்ஜஸ்டரின் பல் சக்கரத்தைத் தளர்த்த வேண்டும். ஏர் பிரேக் லாரியில் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும். பத்து நிமிஷ வேலை.

துருதான் காரணம் என்றால், நடு ஓட்டையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ஊறவைக்கலாம். லைனிங் பக்கம் வழிந்தால் அந்த லைனிங் வீண். பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். கம்பெனிக்காரன் அதை அழகுக்கு வைக்கவில்லை. அதற்குப் பொருந்தும் போல்ட்டுகளைப் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். தட்டியே ஆக வேண்டுமென்றால் வீல் போல்ட்டுகளுக்கு நடுவே முகத்தில், சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். கேஸ் நெருப்பைக் காட்டுவது கடைசி யோசனையாகக்கூட இருக்கக்கூடாது. கிரீஸ், ஆயில் சீல், பிரேக் ஆயில் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

சில பழைய லாரிகளில் டிரம் ஹப்புக்குப் பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஆக்சில் தண்டை உருவி, பேரிங் நட்டைக் கழற்றி, ஹப்போடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். அதைத் தெரியாமல் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

டிரம் வந்துவிட்டது. உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புத் தூள். உடனே பையன் காற்றுக் குழாயை எடுத்து 'புஸ்' என்று ஊதுவான். பட்டறையே புகை மூட்டமாகும். பழைய லைனிங்குகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பல நாடுகள் அதை அடியோடு தடை செய்துவிட்டன. இந்தியாவில் முழுத் தடை இல்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்று ஊதும் 18 வயதுப் பையனுக்கு நோய் தெரிய 20, 30 வருஷம் கூட ஆகலாம். அப்போது அவன் எந்தப் பட்டறையில் ஊதினான் என்று யார் கணக்குப் பார்ப்பது? ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்களின் சட்டைத் தூசியால், அதைத் துவைத்த மனைவிக்கும் நோய் வந்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடலாம். கைக்குட்டையை மூக்கில் கட்டுவது இந்த நுண்ணிய இழைகளைத் தடுக்காது. வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காமலிருப்பது செலவில்லாத காரியம்.

டிரம்மின் மேலேயே அதிகபட்ச உள்விட்டம் வார்த்திருந்தால் அளந்து பார்க்க வேண்டும். அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் கடைந்து பயனில்லை, பழைய இரும்புக் கடைக்குத்தான். ஹப் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகப் பூசினால் அடுத்த முறை சுத்தியல் தேவைப்படாது. இனி மழைக்கு நிறுத்தும்போது சமதரையில், கியரில் போட்டு, நாலு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைக்கலாம்.