கயிற்றை இழுக்கும் முன்

கொச்சி மட்டாஞ்சேரிப் பக்கத்து வள்ளக்காரர்களின் தோள்வலிக்கு மழைக்காலமும் ஒரு காரணம். கேரளத்தில் 1988 முதல் விதிக்கப்படும் மழைக்கால மீன்பிடித் தடை இழுவலைப் படகுகளுக்குத்தான். அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய வள்ளங்களைக் கரையில் கட்டிப்போடுவது கொந்தளிக்கும் கடல். வாரக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சின், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் முரண்டு பிடிக்கும்.

கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரில். தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடுகிறது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும்.

ஆகவே முதலில் பழைய எரிபொருளை வடித்து, ஆயில் கலந்த புதிய பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஜெட்டைக் கழற்றிக் காற்றால் ஊத வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஸ்பார்க் பிளக்கையும் துடைத்து மாட்ட வேண்டும். கிளம்பியதும் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சி வரவில்லையென்றால் உடனே அணைத்துவிட வேண்டும்.

அலட்சியத்துக்கு விலை அதிகம். அரைகுறையாகக் கிளம்பிய எஞ்சின் முகத்துவாரத்தில் நின்றுபோனால் வள்ளம் நீரோட்டத்தின் வசம். கப்பல்கள் வருவதும் அதே வழியில்.

உண்மையான வைத்தியம் அணைக்கும் நேரத்தில் இருக்கிறது. இந்த எஞ்சின்களில் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கரை சேருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். நாள்கணக்கில் ஓய்வென்றால் கார்புரேட்டரை வடித்துவிடவும் வேண்டும். பெட்ரோல் மிச்சமென்று மண்ணெண்ணெயிலேயே அணைப்பவர், அடுத்த முறை அந்தக் கடனைத் தோளால் அடைக்கிறார்.