தாளில்லாக் குறிப்பேடு

இன்றைய வாழ்வில் தாளுக்கு வேலை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. இரயில் பயணச் சீட்டு கைபேசியில் வருகிறது. மின் கட்டண இரசீது அதில் வருகிறது. தேர்வு முடிவும் அதில்தான் வருகிறது. இப்போது மாற்றத்தின் வாயிலில் நிற்பது மாணவனின் குறிப்பேடு. கைபேசியிலோ கணினியிலோ குறிப்பெடுத்தால் சுமை குறையும், செலவு குறையும், மரமும் பிழைக்கும் என்பர் ஒரு சாரார். கையால் எழுதாத படிப்பு மனத்தில் நில்லாது என்பர் மறு சாரார். இரு சாராரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. எழுதியவன் படித்து முடித்துச் சென்றபின் அந்தக் குறிப்பு என்ன ஆகிறது? நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

குறிப்பேடே ஆசான்

தமிழ் வழியில் அறிவியல் பயிலும் நமக்கு இது வெறும் வசதியைப் பற்றிய கேள்வி அன்று. ஆங்கில வழி மாணவர்க்கு ஒரு பாடத்துக்குப் பல நூல்கள் உண்டு. நமக்கோ மேல் வகுப்புப் பாடங்களுக்கு ஒரு நல்ல தமிழ் நூல் கிடைப்பதே அரிது. பேராசிரியர்கள் ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் கூறும் விளக்கமே அக்குறையைப் போக்குகிறது. அதை எழுதி வைத்த குறிப்பேடுதான் நமக்குப் பாடநூல். என்னைப் போல் குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவனுக்கு, மாலையில் ஐயம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அவனுக்குக் குறிப்பேடே ஆசான்.

அந்த ஆசானின் கதி என்ன? மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை எளிய தமிழில் விளக்கிய பக்கத்தில் கடலை மடிக்கப்படுகிறது. அடுத்துவரும் தம்பியும் தங்கையும் மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகின்றனர். ஆண்டுதோறும் அறுவடை செய்து, விதைநெல்லையும் சேர்த்து விற்றுவிடும் வேளாண்மை அன்றோ இது?

படியெடுத்தவை வாழ்ந்தன

எழுதுபொருள் மாறுவது தமிழர்க்குப் புதிதன்று. ஓலையில் எழுதினோம், பின்னர்த் தாளுக்கு வந்தோம். நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் பூச்சியையும் தாங்கி ஓர் ஓலைச்சுவடி பல நூற்றாண்டு வாழ்வது அரிது. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்ததால்தான் பழைய நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு அச்சில் ஏற்றினார். படியெடுக்க ஆளில்லாத சுவடிகளோ கறையானுக்கு இரையாயின.

அதே பணி கணினிக் காலத்திலும் தொடர்ந்தது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் எதிர்பாராமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். அவை இணையத்தில் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடல் கடந்து வாழ்பவர் தம் ஓய்வு நேரத்தில் இதைச் செய்ய முடியுமானால், ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நம்மால் முடியாதா?

படம் குறிப்பாகுமா?

இன்று நாம் செய்வது என்ன? கரும்பலகையைக் கைபேசியில் படம் பிடிக்கிறோம். நண்பனின் நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். தாள் ஒழிந்தது உண்மை. குறிப்பு பிறந்ததா? இல்லை. படம் பிடித்தவன் படித்தவன் ஆகான். திருமண வாழ்த்துகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும் படத்தைத் தேர்வுக்கு முந்திய இரவில் யார் தேடி எடுப்பது?

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு தேவை. ஒரு பக்கத்தில் 1,500 குறிகள் எனக் கொண்டால் 4,500 பைட்டு ஆகும். அதே பக்கத்தின் படம் 3 மெகாபைட்டு என்றால், ஒரு படம் பிடிக்கும் இடத்தில் 600 பக்கங்களுக்கு மேல் எழுத்தாகவே வைக்கலாம். வேண்டிய சொல்லை நொடியில் தேடலாம், பிழையைத் திருத்தலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம்.

எழுத்திலும் எச்சரிக்கை வேண்டும். முன்பு பல தமிழ் எழுத்துருக்கள் தமக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தோன்றியது. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம் பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்றது. மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகளும் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதால்தான் இன்று எல்லாக் கருவிகளிலும் படிக்க முடிகிறது. ஆகவே ஒருங்குறி அல்லாத முறையில் எழுதுவது நீரில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஒரே நிறுவனத்தை நம்புவதும் தகாது. எவர்நோட் என்னும் புகழ்பெற்ற குறிப்புச் செயலி, 2023 டிசம்பரில் கட்டணம் செலுத்தாதவர்க்கு 50 குறிப்புகள், ஒரே குறிப்பேடு என எல்லை வகுத்தது. கடை அவர்களுடையது, விதி அவர்களுடையது. நம் குறிப்போ நம்முடையதாக இருக்க வேண்டும். எந்தச் செயலியிலும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பாக, குறைந்தது மூன்று இடங்களில் அது இருக்கட்டும்.

தாளும் வாழட்டும்

தாளை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதைக் கேட்டபடியே தட்டச்சு செய்யும் போக்குடையவர் என்று காட்டியது. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது, மதிப்பெண்ணில் அவ்வளவு உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இதிலிருந்து நான் கொள்ளும் பொருள் இது: கருவி எதுவாயினும், நம் சொந்தச் சொல்லில் எழுதுவதே படிப்பு. மேலும் மின்சுற்றுப் படமும் தொகையீட்டுக் கணக்கும் கைபேசித் திரைக்கு எளிதில் அடங்குவதில்லை. வகுப்பில் தாளில் எழுதுவோம். பின்னர்ப் புரிந்துகொண்டதைத் தமிழில் தட்டச்சு செய்வோம். இரண்டாம் முறை எழுதுவதே நல்ல மறுபயிற்சி.

சொந்தக் கைபேசி இல்லாத நண்பர்களும் நம்மிடையே உண்டு. தாளில்லா வாழ்வு அவர்களை வெளியே நிறுத்திவிடக் கூடாது. எனவே ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மணி நேரம் கணினி ஆய்வகம் இப்பணிக்குத் திறந்திருக்கட்டும். பாடத்துக்கு ஐவர் பொறுப்பேற்போம். பருவத்துக்கு ஒரு முறை பேராசிரியர்கள் பிழை திருத்தித் தரட்டும். ஒரு படி துறையில், ஒரு படி நூலகத்தில், ஒரு படி இணையத்தில் இருக்கட்டும். தேவைப்படுவோர் அச்சிட்டும் படிக்கட்டும்.

நண்பர்களே, மூன்றாண்டுகளில் நாம் இக்கல்லூரியை விட்டுச் செல்வோம். பட்டம் நம்மோடு வரும். நம் குறிப்பு இங்கேயே தங்கட்டும். நாளை நம் ஊரிலிருந்து முதன் முதலாகக் கல்லூரிக்கு வரும் ஒரு தங்கை, "தமிழில் நூல் இல்லையே" என்று கலங்கி நிற்கும் வேளையில், நாம் எழுதி வைத்த பக்கம் அவளுக்குத் துணை நிற்குமானால், நாம் கற்ற கல்வி பயனுடையது எனத் தலைநிமிர்ந்து கூறலாம்.