வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

கோயம்புத்தூரில் நாலு நாள் பயிற்சி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எங்களைப் போன்ற அலுவலர்களுக்கு அவ்வப்போது நடப்பதுதான். முடித்துக்கொண்டு இரவு ரயில் ஏறி, அரக்கோணத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து ஆவடி வந்து சேர்ந்தபோது காலை ஆறரை மணி. திருநின்றவூரில் கீரைக்கட்டுகளோடு ஏறிய இரண்டு பெண்கள், வெயிலுக்கு முளைக்கீரை வதங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். ஊருக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் மனசுக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பேத்தி "தாத்தா!" என்று ஓடி வந்தாள். பின்னாலேயே என் மனைவியின் குரல். "என்னங்க, அங்கேயே நில்லுங்க. பையை உள்ளே கொண்டு வராதீங்க. கை கால் கழுவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க." வாசல் குழாயடியில் வாளியும் சோப்பும் தயாராக இருந்தன. கொரோனா காலத்தில் ஊரே இதைச் செய்தது, பிறகு ஊரே மறந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் இதைக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது. இந்த முறை அந்த வாளியால் என் மானம் தப்பியது.

நடந்தது இதுதான். பயிற்சியின் மூன்றாம் நாள், வெண்டை வயலில் தெளிப்பான் முனை பற்றிய செய்முறை விளக்கம். எந்த முனைக்கு எவ்வளவு மருந்துக் கரைசல் வரும் என்று அளந்து பார்த்தோம். காற்று திரும்பியதைக் கவனிக்காமல் தவறான பக்கம் நின்றுவிட்டேன். மருந்துச் சாரல் சட்டையில் விழுந்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் கையை மட்டும் நனைத்துக்கொண்டு பந்திக்குப் போனேன். ராத்திரி அந்தச் சட்டையைச் சுருட்டிப் பையில் திணித்தேன். அதன் மேலேயே, மறுநாள் கடைவீதியில் பேத்திக்கு வாங்கிய பருத்தி கவுனையும் வைத்தேன்.

பையைப் பிரித்ததும் மனைவி மூக்கைச் சுளித்தாள். "இது என்ன, மருந்து வாடை?" சட்டையை ஒரு குச்சியால் தூக்கித் தனியாகப் போட்டாள். கவுனையும் குழந்தை கையில் கொடுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க" என்று மட்டும் சொன்னாள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ கூட்டங்களில், "மருந்து அடித்த துணியைத் தனியாகத் துவையுங்கள்" என்று பேசியிருக்கிறேன். நான் பழகிய லட்சணம் இது.

அவளுக்கு இந்தப் பழக்கம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. திருமழிசைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். படிப்பு அதிகமில்லை. மருந்து அடித்த டேங்கைக் கழுவிய தண்ணீரைக் குடித்து அவருடைய கன்றுக்குட்டி ஒன்று செத்துப் போனதாம். அன்றையிலிருந்து மருந்து அடித்த வேட்டி வீட்டுக்குள் வந்ததே இல்லை. கிணற்றடியில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவாராம்.

நம் பூந்தமல்லி வட்டாரத்தில் நான் பார்ப்பது வேறு. அம்பத்தூரில் வயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூந்தமல்லி தாண்டினால் இன்னும் கீரையும் பூவும் நெல்லும் இருக்கின்றன. டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி மருந்து அடிப்பவர்கள் ஒரே நாளில் பல தோட்டங்களுக்குப் போகிறார்கள். வாஷர் தேய்ந்த டேங்கிலிருந்து மருந்து கசிந்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்குகிறது. ஈரக் கைலியோடு பைக்கில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். முன்கைத் தோலைவிடத் தொடை இடுக்குத் தோல் மருந்தைப் பல மடங்கு வேகமாக உள்ளே இழுக்கும். முகத்தில் துண்டு கட்டியவர்கூட இதை நினைப்பதில்லை. அந்தக் கைலி, வீட்டில் குழந்தையின் பள்ளிச் சீருடையோடு ஒரே பக்கெட்டில் ஊறுகிறது.

2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் வேண்டுமென்று குடித்தவர்கள் அல்ல, வேலை செய்தவர்கள். அந்த வருஷம் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்ததால், அடித்த மருந்து முகத்திலேயே விழுந்தது என்று அப்போது பேசப்பட்டது. ஆளுயரச் சோளத்துக்கும் பந்தல் புடலைக்கும் அண்ணாந்து அடிக்கும் நமக்கும் அது பொருந்தும்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மல்லிகை மொக்குப்புழுவுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அப்போது பரிந்துரையில் இருந்த மருந்துதான். காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை வந்தது. 36 சதவீதக் கரைசலுக்கே 2023ல் தடை ஆணை வந்தது. நான் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் அந்த மொக்கைப் பறிக்கும் பெண்ணின் விரல்களைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இப்போது எழுதுகிறேன். வாங்கும்போதே டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், பச்சை. பச்சை என்றாலும் அது விஷம்தான். அடித்து முடித்ததும் டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடுங்கள். காலி டப்பாவைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டால் யாரும் மண்ணெண்ணெய் வாங்கப் பயன்படுத்த மாட்டார்கள். வாசலுக்கு வெளியே ஒரு வாளி, சோப்பு, மாற்றுக் கைலி இருக்கட்டும். மருந்துத் துணியைத் தனியாக அலசிவிட்டு, சோப்புத் தூள் போட்டு இரண்டு முறை வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவையுங்கள். துவைப்பவர் கையுறை போட வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். கீரைக்கு விஷ மருந்தே வேண்டாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஊறவைத்து வடிகட்டிய சாறு போதும்.

இந்த இதழுக்கு வந்த கேள்வியும் இதை ஒட்டியே இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மல்லிகைக்கு மருந்து அடித்துவிட்டு வந்தால் தலைவலி, வாந்தி என்கிறார். மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொள்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. மோர் விஷத்தை முறிக்காது. அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்கிப் பார்வை மங்குதல், மூச்சுத் திணறல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108க்குக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் துணிகளைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். உங்கள் கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து டப்பாவை மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சில வகை மருந்துகளுக்கு அட்ரோபின் என்ற மாற்று ஊசி உண்டு. எதற்குக் கொடுப்பது என்பதை டாக்டர் டப்பாவைப் பார்த்தால் சீக்கிரம் முடிவு செய்வார். தலைவலி தானாகப் போய்விட்டாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டி, கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அவர் தேறும்வரை தெளிப்பானைத் தொட வேண்டாம். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்கிறார் என்று எழுதுங்கள். மொக்குப்புழுவுக்கு வேறு வழி பார்ப்போம்.

என் சட்டை இரண்டு முறை வெந்நீர் கண்டு, பின்பக்கத்துக் கொடியில் தனியாகக் காய்கிறது. கவுனைப் பேத்தி நேற்றுதான் போட்டுக்கொண்டாள்.