பார்வையற்றவர் தம் கடதாசியைத் தாமே வாசிக்கட்டும்

காணியை இழந்த குடும்பத்திற்குக் கடதாசியே காணி. இதனை அம்பாறைக் கரையோரத்து மக்களாகிய உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு வன்செயலில் வட்டைகளைக் கைவிட்டு ஓடி வந்தவர்களும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வீட்டோடு உறுதியையும் பறிகொடுத்தவர்களும், அன்றிலிருந்து படிவங்களோடும் உத்தரவுப் பத்திரங்களோடும் சத்தியக்கடதாசிகளோடும் போராடி வருகின்றனர். எந்தத் திகதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், எந்தத் துண்டுக்கு எவ்வளவு நட்டஈடு என்பதெல்லாம் எழுத்திலேயே வருகின்றன. வாசிக்கத் தெரிந்தவரின் சொல்லே வீட்டில் எடுபடுகின்றது.

அவ்வாறாயின், அவ்வீட்டில் கண்பார்வை அற்ற ஒருவர் இருந்தால் அவருடைய நிலை என்ன?

சொந்த ஊரில் அவருக்கு வரம்பு காலுக்குத் தெரியும். கிணறு எத்தனை அடியில் என்று தெரியும். செருமலை வைத்தே அயலவர் இன்னார் என்று அறிவார். இடம்பெயர்ந்தபோது குடும்பம் இழந்தது காணியை. அவர் இழந்தது காணியோடு, காலில் இருந்த வரைபடத்தையும். ஒரே அச்சில் வார்த்த வீட்டுத்திட்டத்தில் அவர் திண்ணையோடு ஒதுங்கி விடுகிறார். கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் வேறொருவர் வாசித்து, சுருக்கத்தை மட்டும் சொல்கிறார். "இதிலே விரலை வையுங்க வாப்பா" என்றால் வைக்கிறார். இத்தனைக்கும், பழைய காணியின் எல்லை மரம் எது, வாய்க்கால் எங்கே திரும்பியது என்பதை நினைவில் வைத்திருப்பவர் பல வீடுகளில் அந்த முதியவரே. சாட்சி அவருடையது, சாட்சிப் பத்திரத்தை வாசிப்பது மட்டும் மற்றவர்.

இது ஒரு சிலரின் பிரச்சினை அல்ல. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஏதேனும் ஒரு வலுவிழப்புடன் வாழ்வோர் சுமார் 16 இலட்சம் பேர். அவர்களுள் சுமார் 10 இலட்சம் பேர் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள். முற்றாகப் பார்வை இழந்தோர் இதில் ஒரு பகுதியினரே. ஆயினும் நீரிழிவும் முதுமையும் நம் வீடுகளிலும் கண்களைப் பறித்துக் கொண்டுதான் இருக்கின்றன.

இந்நிலையை மாற்றக்கூடிய கருவி இன்று நம் கைகளிலேயே உள்ளது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். 1976இல் அமெரிக்கரான ரே கேர்ஸ்வைல் வெளியிட்ட வாசிக்கும் இயந்திரம் ஒரு சலவை இயந்திரத்தின் அளவுடையது. விலையோ பல்லாயிரம் டொலர். பின்னர் கணனிகளுக்கு வந்த 'ஜோஸ்' என்ற புகழ்பெற்ற திரைவாசிப்பானும் ஆயிரம் டொலரளவில் விற்கப்பட்டது. ஏழை நாட்டின் பார்வையற்றவருக்கு இரண்டுமே எட்டாக் கனிகள்.

இக்கதவைத் திறந்தவர்கள் பார்வையற்றவர்களே. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமொன்றில் அறிமுகமான, அவரைப் போன்றே பார்வையற்ற ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். கணனியைப் பயன்படுத்தப் பார்வையற்றவர் மற்றவரை விடக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் கொள்கை. எனவே அதனை இலவசமாகவே உலகிற்கு வழங்கினர். அது தமிழையும் வாசிக்கும். அதன் பிரதியொன்றை ஒரு பென்டிரைவில் இட்டுச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டால், நூலகத்திலோ பாடசாலையிலோ உள்ள விண்டோஸ் கணனியில் செருகி, அனுமதியிருப்பின் அங்கேயே இயக்கலாம். அடிக்கடி இடம் மாறும் குடும்பத்திற்கு இது எவ்வளவு பொருத்தமானது!

இன்னொன்றையும் கவனியுங்கள். சிறிய மடிக்கணனியைப் பார்வையுள்ளோர் திரை போதாது என்று ஒதுக்குவர். பார்வையற்றவருக்கு அது குறையே அல்ல. அவருக்கு வேண்டியது விசைப்பலகையும் ஒலியும் மட்டுமே. திரை வெடித்து மூலையில் கிடக்கும் மடிக்கணனியும் மற்றப் பாகங்கள் நலமாயின் அவருக்கு முழுக் கணனியே. நமக்குப் பழுதானது அவருக்குப் பழுதல்ல.

கணனி இல்லாத வீட்டிலும் கைத்தொலைபேசி உண்டு. அதுவும் ஒரு சிறு கணனியே. 2009ஆம் ஆண்டு முதல் அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கும் ஐபோனுக்கும் திரைவாசிப்பான் வந்து விட்டது. பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் அமைப்புகளுள் 'டோக்பெக்' என்ற பெயரில் அது உள்ளேயே இருக்கின்றது. அதனை இயக்கியபின் விரலைத் திரையில் மெதுவாக நகர்த்தினால், விரலின் கீழ் உள்ளதைத் தொலைபேசி சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். தமிழ்க் குரலை ஒருமுறை இணையத்திலிருந்து இறக்கிக் கொண்டால், பின்னர் சிக்னல் இல்லாத வயலிலும் அது பேசும். குரல் முதலில் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். சில வாரங்களில் காது பழகி விடும்.

அப்படியாயின் தடை எங்கே இருக்கின்றது? நாம் காணும் வகையில் தடைகள் மூன்று. அவற்றுள் ஒன்றேனும் இயந்திரத்தின் குறை அல்ல.

முதலாவது, நமது எழுத்து. நம் நாட்டில் தமிழ் ஆவணங்கள் நெடுங்காலமாகப் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டு வந்தன. இன்றும் பல கந்தோர்களில் இவ்வழக்கம் தொடர்கின்றது. அதில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணனிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று பாமினியில் அடித்த சொல்லைத் திரைவாசிப்பான் 'எம், கே, கே, எச்' என்று உளறும். அதே சொல்லை யூனிகோட் முறையில் அடித்தால் 'அம்மா' என்றே சொல்லும். தட்டெழுதுபவருக்கு இது ஒரு சிறு பழக்கமாற்றம்; கேட்பவருக்கோ ஊமைக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு.

இரண்டாவது, படமாக வரும் அறிவித்தல். கடிதத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். படத்திலுள்ள அச்சுத் தமிழை எழுத்தாக மாற்றும் வசதிகள் வந்துள்ளன; ஆயினும் மங்கிய படத்திலும் கையெழுத்திலும் அவை பெரிதும் தடுமாறும். படத்தோடு நான்கு வரியைத் தட்டெழுதி அனுப்பலாம். அல்லது குரலில் சொல்லி அனுப்பலாம். இக்கோரிக்கை பிரதேச செயலகங்களுக்கு மட்டுமல்ல, ஆலயங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் விவசாய அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உரியது.

மூன்றாவது தடை மிகக் கடினமானது. அது வீட்டுக்குள் இருக்கின்றது. 'கண் தெரியாத பிள்ளைக்கு எதற்குப் போன்?' என்ற கேள்வியே அது. வங்கியிலிருந்து வரும் செய்தியை அவர் தாமே கேட்க வேண்டாமா? தமக்குரிய உதவிப்பணம் எவ்வளவு என்று பிறர் வாயால்தான் அறிய வேண்டுமா? ஓர் இயர்போனைக் காதில் வைத்தால் அவருடைய இரகசியம் அவருடையதாகவே இருக்கும். அன்பினால் செய்யும் உதவியும், அறியும் உரிமையைப் பறித்தால் அநீதியே.

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வி நிலையங்களிலும் பாரபட்சம் கூடாது என்கிறது. கட்டடங்களுக்குள் செல்லும் உரிமை பற்றியும் பேசுகிறது. 2016இல் இலங்கை, வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயம் தகவலை அணுகுவதையும் உரிமை என்கிறது. கட்டடத்துக்குச் சாய்தளம் கேட்பது போலவே, கடிதத்துக்கு யூனிகோட் கேட்பதும் சலுகை அல்ல, உரிமை.

நற்செய்தியிலே எரிகோ வழியோரம் இருந்த பர்த்திமேயுவை வாயை மூடும்படி கூட்டம் அதட்டியது. இயேசுவோ அவரை அழைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார். திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயம், பிரமுகர்களை விட, கற்க வந்த பார்வையற்ற ஒருவரின் நாட்டத்திற்கே முதன்மை தருகின்றது. அவரே பின்னர் பாங்கு சொல்பவராகவும், நபிகளார் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டதை முஸ்லிம் சகோதரர்கள் அறிவர். இரு மரபுகளும் பார்வையற்றவரைத் திண்ணையில் இருத்தவில்லை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பேசும் கருவி வந்ததனால் பிரெயில் வேண்டாம் என்று எவரும் முடிவு செய்யக் கூடாது. காதால் மட்டும் கற்கும் பிள்ளைக்கு லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும் பிடிபடுவது கடினம். பாடசாலைப் பிள்ளைக்கு விரலில் பிரெயில், காதில் திரைவாசிப்பான், இரண்டும் வேண்டும்.

எனவே, இந்தப் போகத்திலேயே செய்யக்கூடியவை சில. வீட்டிலுள்ள பார்வையற்றவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்து, டோக்பெக்கை இயக்கி, பழகுவதற்குப் பொறுமையோடு நேரம் கொடுங்கள். திரை உடைந்த மடிக்கணனியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அடுத்த கூட்டத்தில், காணி தொடர்பான அறிவித்தல்களை யூனிகோட்டில் தருமாறு எழுத்தில் கேளுங்கள். ஒரு குடும்பம் கேட்டால் அது மனு. நாற்பது குடும்பங்கள் கேட்டால் அது வழக்கமாகும். சத்தியக்கடதாசி எழுதும்போது அதன் தட்டெழுத்துப் பிரதியை முதலில் அந்த முதியவரின் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். தம் காணியின் எல்லை சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று அவர் தம் காதால் கேட்கட்டும். அதன்பின் விரலை வைக்கட்டும்.