குறுக்கு வழியும் நேர் வழியே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

குறுக்கு வழி என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். குறுக்கு வழியில் வேலை பெற்றான், குறுக்கு வழியில் பணம் சேர்த்தான் என்று கேட்டுக் கேட்டு, அச்சொல்லுக்கே ஒரு களங்கம் வந்துவிட்டது. ஆனால் உழைத்துப் பழகியவனுக்கு மட்டுமே கிட்டுகின்ற குறுக்கு வழி ஒன்று உண்டு. அது கணினியின் விசைப்பலகையில் இருக்கிறது. குடும்பத்திலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய என் போன்ற நண்பர்களுக்கு அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலாம் ஆண்டில் எங்களுக்கு நடந்த முதல் லினக்ஸ் ஆய்வக வகுப்பு அது. ஒரு கணினிக்கு இரண்டு பேர். என் பக்கத்தில் அமர்ந்தவன் வீட்டில் கணினி உள்ளவன். 'விஐ' என்னும் எடிட்டரைத் திறந்து, இரண்டு எண்களைக் கூட்டும் நிரல் ஒன்றை எழுதச் சொன்னார்கள். அவன் விரல்கள் விளையாடின. பத்தே நிமிடத்தில் முடித்து எழுந்தான். பிறகு என் முறை. நான் ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் வேறு ஏதோ நடந்தது. இருந்த வரியும் மறைந்தது. வெளியேறவும் வழி தெரியவில்லை. கடைசியில் யாரும் பார்க்காதபோது சுவிட்சையே அணைத்துவிட்டேன். அன்றைய பயிற்சிக்கு எனக்கு மதிப்பெண் இல்லை.

மதிப்பெண் போனது பெரிதன்று. 'அவனுக்கு மூளை இருக்கிறது, நமக்கு இல்லை' என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன், அதுதான் பெரிது. ஊர் திரும்பும் பேருந்தில், படிப்பை நிறுத்திவிட்டு ஏதேனும் கடையில் வேலைக்குச் சேரலாமா என்றுகூட எண்ணினேன்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் என் ரெக்கார்டு நோட்டின் பின் அட்டையில் சில விசைகளை எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் விளங்கிற்று. இந்த எடிட்டருக்கு ஏவும் நிலை, எழுதும் நிலை என இரண்டு நிலைகள். திறந்தவுடன் இருப்பது ஏவும் நிலை. அங்கே எழுத்து விசைகளே கட்டளைகள். 'ஐ' தட்டினால் எழுதும் நிலைக்குப் போகலாம்; 'எஸ்கேப்' தட்டினால் ஏவும் நிலைக்குத் திரும்பலாம். ஏவும் நிலையில் 'எச்' இடப்பக்கம், 'ஜே' கீழே, 'கே' மேலே, 'எல்' வலப்பக்கம் நகர்த்தும். 'டி'யை இருமுறை தட்டினால் ஒரு வரி நீங்கும்; முன்னால் 3 சேர்த்தால் மூன்று வரிகள் நீங்கும். 'ஒய்' இருமுறை தட்டினால் வரி பிரதியாகும்; 'பி' அதை ஒட்டும். தவறு செய்துவிட்டால் 'யு' தட்டிப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். கோலன், 'டபிள்யூ', 'க்யூ' தட்டி என்டர் கொடுத்தால் சேமித்து வெளியேறலாம். சேமிக்காமல் வெளியேறக் கோலன், 'க்யூ', ஆச்சரியக்குறி தட்டி என்டர். இவ்வளவே! ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருந்த அரக்கனின் உயிர்போல, என்னைக் கலங்க வைத்ததன் உயிர் இந்தச் சில விசைகளில்தான் இருந்தது.

வீட்டில் கணினி இல்லை. ஆகவே பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் விசைப்பலகையை வரைந்துகொண்டு, இரவில் கால் மணி நேரம் விரல்களைப் பழக்கினேன். ஆய்வகத்தில் 'விம்டியூட்டர்' என்னும் பாடத்தை நடத்திப் பார்த்தேன். எடிட்டரோடு சேர்ந்தே வரும் அதனை முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். மூன்றாம் வாரத்தில் விரல்கள் தாமாகவே போகத் தொடங்கின.

காலண்டர் அட்டையில் நான் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் தந்தையார் சிரித்தார். அவர் 1990களில் எங்கள் ஊர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலக்கையால் கேஸிலிருந்து ஈய எழுத்துகளை எடுத்துக் கோப்பது அவர் வேலை. "கேஸையே பாத்துக்கிட்டு இருந்தா வேலை ஓடாது தம்பி. கண்ணு காகிதத்துல இருக்கணும், கை தானாப் போகணும். எனக்கு அதுக்கு ஆறு மாசம் ஆச்சு" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் தந்தை. அவர் கைக்குத் தெரிந்திருந்த ஒன்றைத்தான், பிறர் கையில் கண்டபோது மூளை என்று எண்ணி நான் அஞ்சியிருக்கிறேன்!

இங்கே தடுமாறியவன் நான் ஒருவன் மட்டுமல்லன். விம் எடிட்டரிலிருந்து வெளியேறுவது எப்படி என்னும் ஒரே கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இணையதளத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2017 மே மாதத்திலேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தெரியாமை என்பது அவமானமன்று. சொல்லித்தர ஆள் இல்லாமைதான் குறை.

இந்த விசைகள் பிறந்த கதையும் நமக்கு ஊக்கம் தருவது. 1976இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் 'விஐ'யை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் மவுஸ் இல்லை. அம்புகளுக்கெனத் தனி விசைகளும் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. தொலைபேசி வழி இணைப்பின் வேகமோ 300 பாட். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரை நிரம்ப ஒரு நிமிடத்திற்கு மேலாகும். ஆகவேதான் கட்டளைகள் ஓரெழுத்தாகவும் ஈரெழுத்தாகவும் சுருங்கின. வசதி குறைந்த இடத்தில் பிறந்த சிக்கனம் அது. வசதி குறைந்த நமக்கு அது பொருந்தாமற் போகுமா?

'விஐ'யை அடியொற்றி எழுந்த 'விம்' எடிட்டரை நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் மறையும் வரை அதைப் பேணி வந்தார். அவர் விலை கேட்கவில்லை; உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டுமே கேட்டார். எங்கள் ஆய்வகத்தில் விம்மைத் திறக்கும்போது அந்த வேண்டுகோளைத் திரையில் கண்டிருக்கிறேன்.

"மவுஸ் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொலைவிலுள்ள சர்வர் ஒன்றில் நுழைந்து வேலை செய்யும்போது பெரும்பாலும் கிடைப்பது எழுத்து மட்டுமே தெரியும் கருந்திரைதான். அங்கே மவுஸை நம்பியவன் விழிக்க வேண்டியிருக்கும். "செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே?" என்று கேட்போரும் உண்டு. இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆப்செட் வந்தது; என் தந்தையின் கைத்திறனுக்கு வேலையில்லாமற் போயிற்று. இன்று அவர் மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறார். என் விரல்களுக்கும் அதே கதிதானா என்று அவரிடமே கேட்டேன். "எழுத்து கேஸ் போச்சு, நெசந்தான். ஆனா தப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணு போகலையே" என்றார். ஊரில் கலியாணப் பத்திரிகை அடிப்பவர்கள் இன்றும் பிழை பார்க்க அவரிடம்தான் வருகிறார்கள். இயந்திரம் எழுதித் தந்த நிரலையும் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். பிழையான வரியைத் தேடித் திருத்த வேண்டும். அப்போது விசையைத் தேடிக்கொண்டிருப்பவனுடைய கவனம் பிழையில் நிற்குமா?

இந்த விசைகளும் ஒருநாள் வழக்கொழிந்து போகலாம். எனினும், தெரியாத ஒன்றைப் பழகிப் பழகியே வசப்படுத்த முடியும் என்ற துணிவு நம்மிடம் தங்கும். அதற்காகவே பேராசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாம் ஆண்டின் முதல் இரண்டு ஆய்வக வகுப்புகளை நிரலுக்கன்றி விசைப் பழக்கத்திற்கே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கணினியின் அருகிலும் அடிப்படை விசைகளின் பட்டியலைத் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும். அக மதிப்பீட்டில் இப்பழக்கத்திற்கெனச் சில மதிப்பெண்கள் தர வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. வீட்டில் கணினி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் முதல் நாளன்று இருக்கும் இடைவெளியை இவை பெருமளவு குறைக்கும்.

சென்ற மாதம் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் ஆய்வகத்தில் விழித்துக்கொண்டிருந்தான். அவன் கை சுவிட்சை நோக்கிப் போவதைக் கண்டு ஓடிச்சென்று தடுத்தேன். "எஸ்கேப்பைத் தட்டுப்பா" என்றேன். அவன் ரெக்கார்டு நோட்டின் பின் அட்டையிலும் இப்போது அதே விசைகள் இருக்கின்றன.

முதலாம் ஆண்டில், "சுவிட்சை அணைத்தது யார்?" என்று எங்கள் பேராசிரியர் கேட்டார், எவரும் வாய் திறக்கவில்லை. ஐயா, இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்கிறேன்: நான்தான். இனி எவரும் அணைக்க வேண்டிய நிலை வராதிருக்கட்டும்!