வீடு நிறைந்தால் போதுமா?

கிழக்கே கடல், மேற்கே வயல். இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையிலேதான் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. நிலம் வளர்வதில்லை, குடும்பங்கள் வளர்கின்றன. பெண்மக்களுக்கு வீடும் நிலமும் சீதனமாகக் கொடுப்பது இப்பகுதி வழக்கமாதலால், தாய் வாழ்ந்த வளவு மகள்மாருக்குப் பங்காகிப் பின்னர் பேத்திமாருக்கும் பங்காகிறது. ஒரு வீடு நின்ற இடத்திலே இன்று மூன்று நான்கு வீடுகள் நிற்பதைக் காண்கிறோம். இடம் இவ்வாறு சுருங்கிவரும் காலத்தில், வீட்டுக்குள் வரும் பொருள்கள் மட்டும் பெருகிக்கொண்டே போவது விந்தையன்றோ? இதுபற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

முற்காலத்து இல்லத்தை நினைத்துப் பாருங்கள். உடைமைகளை வைக்க ஒரு பெட்டகம், சில செம்பு பித்தளைப் பாத்திரங்கள், ஓர் உறி, சுருட்டிவைத்த பன்பாய்கள். பெரும்பாலான வீடுகளில் இவற்றுக்கு மேல் அதிகம் இருந்ததில்லை. விருந்தினருக்கு ஆசனமாவதும் பாய். இரவிலே படுக்கையாவதும் அதே பாய். தன் வேலை முடிந்ததும் சுருண்டு சுவரோரம் ஒதுங்கிவிடும். விருந்து நாளிலும் ஆறு பேருக்கு ஒரு சஹன் போதுமாயிருந்தது. அவ்வாழ்க்கையில் வறுமையும் இருந்தது உண்மையே. ஆயினும் சிறிய இடத்திலே பலர் கூடி வாழும் அறிவும் அதில் இருந்தது என்பதை மறுக்கவியலாது.

இன்றோ கூடத்தை அடைத்துக்கொண்டு பெரிய சோபா. சுவரை மறைத்துக்கொண்டு கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே ஒருநாளும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகள். கட்டிலுக்குக் கீழே பெட்டிகள். பெட்டிகளுக்கு மேலே பைகள். புத்தகத்தை விரித்துப் படிக்க மாணவன் ஓரிடம் கேட்டால், வீட்டில் அதற்குத்தான் இடமில்லை.

இப்பொருள்களுட் பல, வேண்டுமென்று வாங்கியவை அல்ல. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி வாங்கியவை. சீதன வீட்டைக் கட்டிமுடிப்பதோடு பெற்றோர் கடமை தீர்வதில்லை. மாப்பிள்ளை வருமுன் அவ்வீட்டைத் தளபாடங்களால் நிரப்பவும் வேண்டியிருக்கிறது. அதற்காகக் கடன்படுவோர் உண்டு. மத்திய கிழக்கு நாடுகளிலே ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து உழைக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் உண்டு. அலுமாரியின் விலையைப் பணத்தில் மட்டும் கணக்கிடுதல் தகாது. அதனை வாங்குவதற்காக ஒருவர் வீட்டைப் பிரிந்திருந்த மாதங்களும் அவ்விலையில் அடங்கும்.

இக்கரையோர மக்கள் மறக்கவொண்ணாத ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை ஆழிப்பேரலை எழுந்து வந்தபோது, எதையும் எடுத்துக்கொள்ள அவகாசம் இருக்கவில்லை. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறையே. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். உயிர்தப்பியோர் பலர், பின்னர் காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய நேர்ந்தது. ஒரு வீட்டிலே கட்டாயம் காக்கவேண்டிய பொருள்கள் எத்துணைச் சில என்பதை அந்நாள்கள் உணர்த்தின. அவற்றை ஒரு பைக்குள் அடக்கிவிடலாம். ஆனால் அப்பை நூறு பொருள்களுக்கு நடுவே புதைந்து கிடந்தால், ஆபத்து வேளையில் அதை யார் தேடி எடுப்பது?

தேவைக்கு மிஞ்சிய பொருள் நோய்க்கும் இடங்கொடுக்கும். ‘பிறகு உதவும்’ என்று வீட்டின் பின்புறத்தே போட்டுவைத்த தகரப்பேணி, உடைந்த வாளி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு மழைநீரே டெங்கு நுளம்புக்குப் போதுமானது. முட்டை ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகிவிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் அழியாதிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்க வல்லவை. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டிலே 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிடலாமே என்று கேட்பீர்கள். எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பல ஊர்களின் கழிவுகள் கொட்டப்பட்டன. அருகிலுள்ள காட்டு யானைகள் அங்கே இரைதேடிப் பிளாஸ்டிக்கையும் விழுங்கின. 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் அங்கு இறந்து கிடந்தபோது, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரை இவ்வாறு மாண்டதாகச் செய்தி வந்தது. பின்வாசலால் எறிவது பொருளைக் குறைப்பதன்று. அதன் இடத்தை மாற்றுவதே.

ஆகவே, காவல் வைக்கவேண்டிய இடம் முன்வாசல். ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதனை எங்கே வைப்போம்? இவ்வேலையைச் செய்ய வீட்டில் வேறொன்று இல்லையா? இதுவரை இஃதின்றி வாழ்ந்தோமே, என்ன குறை கண்டோம்?

ஏற்கெனவே உள்ளவற்றுக்கும் வழி உண்டு. ஓராண்டாகத் தொடாத உடுப்பை, அது நல்ல நிலையில் இருக்கும்போதே தேவைப்படுவோருக்குக் கொடுங்கள்; கிழிந்தபின் கொடுப்பது கொடையாகாது. பெரிய சமையற் பாத்திரங்களையும் மேலதிகக் கதிரைகளையும் ஒரே வளவில் வாழும் சகோதரிகள் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் படித்து முடித்த நூல்களை அடுத்த வகுப்பாருக்குக் கொடுத்துதவலாம். உறுதி, சான்றிதழ்கள் முதலியவற்றை நீர் புகாத பை ஒன்றிலிட்டு, வீட்டார் யாவரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள்.

யாவற்றிலும் பெரிய மாற்றம் மாப்பிள்ளை வீட்டார் கையில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் தாமாகத் தளபாடத்தைக் குறைத்தால் ஊர் அவரைக் குறைவாகப் பேசும். “தளபாடம் வேண்டாம்; தேவையானதைப் பிள்ளைகள் பின்னர் தாமே வாங்கிக்கொள்வார்கள்” என்று மாப்பிள்ளையின் தாய் சொன்னாலோ, அதற்குமேல் பேச ஊருக்கு எதுவும் இராது. அச்சொல்லால் ஒரு குடும்பத்தின் கடன் குறையும். மத்திய கிழக்கிலே உழைக்கும் ஓர் உம்மா, சில மாதங்கள் முன்னதாகவே தம் பிள்ளைகளிடம் திரும்பி வருவார்.