வழி அறிந்த துணை

தோபித்து ஆகமத்தை வாசித்திருக்கும் எந்தத் தாய் தந்தையும் அதன் ஐந்தாம் அதிகாரத்தை எளிதில் மறந்திருக்க முடியாது. பார்வை இழந்த முதியவர் தோபித்து, மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்து வைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவரத் தம் ஒரே மகனை அனுப்ப எண்ணுகிறார். அந்நாட்டிற்குச் செல்லும் வழி தனக்குத் தெரியாதே என்கிறான் மகன். வழி தெரிந்த ஓர் ஆளைத் தேடிக் கொண்டு வா, கூலி கொடுப்போம் என்கிறார் தந்தை. வந்து நின்றவரை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டு விடவில்லை. எந்தக் குலம், எந்தக் குடும்பம் என்று விசாரிக்கிறார். அவ்வழிகளில் நடந்து பழகியவர்தாமா என்று கேட்டறிகிறார். நாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார். அதன் பின்னரே மகனை அனுப்புகிறார். வந்தவர் அதிதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனைக்குப் பிறகும் தாய் அன்னா அழத்தான் செய்கிறாள்.

இந்த அதிகாரத்தை நமக்கு நினைவூட்டியது, சென்ற மாதம் குடும்பத் தலைவர் ஒருவர் நமக்கு எழுதிய மடல். அவருடைய மகன் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் நான்கு நாள் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் செல்பவன். ஒட்டன்சத்திரத்திலிருந்து மலையேறிப் பாச்சலூர், தாண்டிக்குடி வரையிலும் அவனுக்கு வேலை உண்டு. ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில், கைப்பேசி காட்டிய வழியை நம்பி ஒரு திருப்பத்தில் திரும்பியிருக்கிறான். சிறிது தூரத்தில் சிக்னல் அற்றுப்போயிற்று. திரையில் சாலை மறைந்து, சாம்பல் நிறத்தின் நடுவில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நின்றது. பின்னர் மழைநீர் புகுந்து கைப்பேசியும் அணைந்தது. காப்பித் தோட்டத்துக் காவலாளி ஒருவர் டார்ச் விளக்குடன் முன்னே நடந்து தார்ச் சாலையில் கொண்டுவந்து விட, வீடு வந்து சேர்ந்தபோது இரவு இரண்டு மணி. தாய் திண்ணையில் செபமாலையுடன் அமர்ந்திருந்தாள்.

இனி மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட ஜி.பி.எஸ். வழிகாட்டிக் கருவி ஒன்று வாங்கப் போவதாக மகன் சொல்கிறான். பல்லாயிரம் ரூபாய் விலை என்று கேட்டுத் தந்தை திடுக்கிடுகிறார். “கையில் கைப்பேசி இருக்க இன்னொன்று எதற்கு? இது தேவையா, ஆடம்பரமா? நீங்களே சொல்லுங்கள்” என்று எழுதும் அவர், மடலின் அடியில் மேலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “அன்றிரவு அவன் உள்ளே நுழைந்ததும் கோபத்தில் கத்திவிட்டேன், அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.” முதற் கேள்விக்கு முதலில் விடை காண்போம். அடியிலுள்ள வரிக்குப் பின்னர் வருவோம்.

வானத்திலிருந்து வருவது எது?

இக்கருவி எவ்வாறு வழி அறிகிறது என்பது தெரிந்தால் பாதி ஐயம் தீரும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. “நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இது” என்பதே அவை ஓயாமல் அனுப்பும் செய்தியின் சாரம். அச்செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, நான்கு துணைக்கோள்களையேனும் ஒப்பிட்டுத் தான் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும் என்றால் அக்கணக்கின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க இராணுவத்துக்கென அமைக்கப்பட்ட இவ்வசதி பொதுமக்களுக்கு வந்த கதை துயரமானது. 1983 செப்டம்பர் முதல் நாள் கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று பாதை விலகிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இவ்வமைப்பு நிறைவுற்றதும் உலகத்தாருக்கும் திறந்து விடப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். பொதுமக்களுக்கு வரும் அலைகளில் வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்த பிழையும் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. நம் நாடும் 2013-இல் தொடங்கித் தனக்கென நாவிக் என்னும் துணைக்கோள் வரிசையை விண்ணில் ஏற்றியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வானத்திலிருந்து வருவது இடம் மட்டுமே. சாலைப் படம் அங்கிருந்து வருவதில்லை. கைப்பேசி தன் படத்தைக் கோபுரங்களின் வழியாகப் பெறுகிறது. சிக்னல் அற்ற மலையில் நீலப் புள்ளி நின்று சாலை மறைந்ததன் காரணம் இதுவே. தனிக் கருவியிலோ படம் முழுவதும் உள்ளேயே பதிந்திருக்கும். ஆயினும், புறப்படுமுன் வீட்டிலேயே அப்பகுதியின் படத்தை இறக்கிச் சேமித்து வைத்துக்கொண்டால் கைப்பேசியும் சிக்னலின்றி வழி காட்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஆகவே ஆண்டுக்கொருமுறை வேளாங்கண்ணிக்குச் செல்பவருக்கும், ஊருக்குள் வண்டி ஓட்டுபவருக்கும் தனிக் கருவி தேவையே இல்லை என்பது நம் துணிபு.

மழையிலும் மலையிலும் பிழைப்பு நடத்துபவரின் நிலை வேறு. சாதாரணக் கைப்பேசி வெயிலில் திரை மங்கும், சூட்டில் அணையும், ஈரக் கைக்கும் கையுறைக்கும் இணங்காது. மோட்டார் சைக்கிளின் பலத்த அதிர்வு கைப்பேசியிலுள்ள காமிராவின் நுண்ணுறுப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. யாவற்றிற்கும் மேலாக, ஆபத்து வேளையில் உதவி கேட்டு அழைக்க வேண்டிய கைப்பேசியை வழி காட்டவே செலவழித்துவிட்டு இருளில் நிற்கலாகாது. இம்மகனுக்கு அக்கருவி ஆடம்பரம் அன்று, தொழிற் கருவியே.

கூலி பேசுமுன் விசாரியுங்கள்

தோபித்து விசாரித்ததுபோல் நாமும் விசாரிக்க வேண்டும். கார்மின் நிறுவனத்தின் ‘சூமோ’ வரிசையைப் போல மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்டவை உண்டு. காருக்கென்று செய்யப்பட்ட மலிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு மழையில் போவது வீண். ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்னும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது அதன் பொருள். கடை வாசலுக்கு எடுத்துவந்து நடுப்பகல் வெயிலில் திரையைப் பாருங்கள். கையுறையுடன் தொட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானது உள்ளே இருக்கும் படம். வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கிவரும் கருவியில் அப்பகுதியின் படமே இருக்கலாம். இந்தியப் படத்திற்குத் தனிப் பணம் கேட்கக் கூடும். இந்தியச் சாலைகள் அதில் உண்டா, புதுப்பிக்கும் வசதி எத்தனை ஆண்டுக்கு இலவசம் என்பதைப் பணம் செலுத்துமுன் எழுத்தில் பெறுங்கள். வண்டியில் பொருத்தும் தாங்கியும் மின் இணைப்புக் கம்பியும் பெட்டியிலேயே உள்ளனவா என்றும் கேளுங்கள்.

பொருத்தும் முறை

இதனை அவசரத்தில் செய்ய வேண்டாம். கருவி கைப்பிடித் தண்டின் நடுவில், வேகமானியை மறைக்காமல், தலையை அதிகம் தாழ்த்தாமலே பார்க்கும் உயரத்தில் அமைய வேண்டும். கைப்பிடியை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கம்பி எங்கும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. மின் இணைப்பை, தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில் ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். நேராகப் பேட்டரியில் இணைத்தால் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி மெல்ல வடிந்து, காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம்.

முதன் முறை வானம் நன்கு தெரியும் வெளியில் நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். துணைக்கோள்களை அது அறிந்துகொள்ளட்டும். படத்தைப் புதுப்பியுங்கள். வண்டியின் வகை மோட்டார் சைக்கிள் என்று குறியுங்கள்; பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்டு முதல் இரு சக்கர வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டிருப்பது போன்ற இடங்களில் இக்குறிப்பு முக்கியம். ‘மிகக் குறுகிய வழி’ என்பதை விடுத்து ‘விரைவான வழி’ என்பதைத் தேர்ந்து, மண் சாலைகளைத் தவிர்க்கும்படி அமைத்துவிடுங்கள். குறுகிய வழி வேண்டும் என்றால் தோட்டத்து ஒற்றையடிப் பாதையையும் சாலையென்று காட்டக்கூடிய கருவி அது.

‘வீடு’ என்ற இடத்தில் சொந்த வீட்டின் வாசலைப் பதிய வேண்டாம். கருவி களவு போனால் திருடனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். பங்குக் கோவிலைப் பதிந்து வையுங்கள். அங்கிருந்து வீட்டிற்கு வழி கேட்பவர் நம்மில் எவரும் இல்லையே! பின்னர் நன்கு தெரிந்த வழியில், கோவிலிலிருந்து சந்தை வரை என்பது போல், ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அது பேசும் முறையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும்?

செல்லும் இடத்தை வண்டி நிற்கும்போதே பதிய வேண்டும். ஓடும் வண்டியில் திரையைத் தொடவே கூடாது. வழி மாற்ற வேண்டுமானால் ஓரத்தில் நிறுத்தி மாற்றுவதே முறை. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் திரையை இரண்டே விநாடி பார்த்தால், 33 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவனுக்கு ஒப்பாவான். மத்திய அரசின் மோட்டார் வாகன விதிகளும், 2020 அக்டோபர் முதல், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி அறிவதற்கு மட்டுமே கையடக்கக் கருவியைப் பயன்படுத்த இடம் தருகின்றன. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசமின்றி எந்த வழிகாட்டியும் துணையாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து போயிருந்த பாலத்தின் மேல், வழிகாட்டிப் படத்தை நம்பி வந்ததாகக் கூறப்பட்ட கார் ஒன்று ஆற்றில் விழுந்து மூவர் மாண்டனர். படம் வரைந்தபோது இருந்த பாலத்தைத்தான் கருவி அறியும். நேற்றைய வெள்ளத்தை அறியாது. திரை ஒன்றும் கண் ஒன்றும் சொன்னால் கண்ணையே நம்ப வேண்டும். ஐயம் எழுந்தால் நிறுத்தித் தேநீர்க் கடையில் கேட்க வேண்டும். மலைச் சாலையில் இருட்டிவிட்டால் தெரியாத திருப்பத்தில் திரும்பாதிருப்பதே விவேகம்.

அடியிலுள்ள வரிக்கு

இனி அந்தத் தந்தைக்கு ஒரு வார்த்தை. அன்பரே, அன்றிரவு உங்கள் வாயிலிருந்து வந்தது கோபம். உள்ளே இருந்தது அச்சம். உங்கள் மகன் கேட்டதோ கோபத்தை மட்டுமே. ஆகவே கருவிக்குப் பணம் தருவதோடு நின்றுவிட வேண்டாம். அவனோடு கடைக்குப் போங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் முற்றத்தில் அவன் கம்பி இணைக்கையில் அருகே உட்கார்ந்து சாவியை எடுத்துக் கொடுங்கள். சோதனை ஓட்டத்தில் தலைக்கவசம் அணிந்து பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். “அன்று பயந்து போனேனடா” என்று சொல்லிவிடுங்கள். அதைவிடக் குறுகிய வழி அவன் மனத்திற்கு இல்லை.

மகனுக்கும் ஒரு கடமை உண்டு. மகன் வரத் தாமதமாகவே, அன்னா நாள்தோறும் வெளியே வந்து அவன் சென்ற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அந்நூல் கூறுகிறது. மலையேறுமுன் ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை, வண்டியை நிறுத்தி அம்மாவுக்குப் பேசிவிட வேண்டும். தனிக் கருவி வாங்குவதால் கைப்பேசி மிச்சமாகிறது என்றோமே, அது இதற்காகத்தான்.

இறுதியாக ஒன்று. பயணம் நலமே முடிந்தபின் தோபித்தும் மகனும் மறவாமல் செய்த காரியம் என்ன? வழி காட்டியவருக்கு உரியதைக் கொடுப்பது. பேசிய கூலி போதாதென்று கொண்டுவந்ததில் பாதியையே கொடுக்க முன்வந்தார்கள். உங்கள் மடலில் டார்ச் விளக்குடன் முன்னே நடந்த அந்தக் காவலாளியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவருடைய பெயர்கூட அதில் இல்லை. புதிய கருவியில் முதலில் பதியும் இடம் அந்தத் தோட்டத்து வாசலாக இருக்கட்டும். தந்தையும் மகனுமாக, வெளிச்சம் இருக்கும்போதே, கையில் ஏதேனும் எடுத்துக்கொண்டு போய்வாருங்கள்.